அடி தெரியாத தண்ணி

உங்க நீச்சல் குளத்து ஃபோட்டோவக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டுங்க சார். ஆங், அந்த ஓரந்தான். இது பாசி இல்லீங்க, உப்பு. டைல்ஸ்ல தண்ணி நிக்கற மட்டத்துக்குச் சுத்தியும் வெள்ளையா ஒரு கோடு ஓடுது பாருங்க. உங்க போர் தண்ணில இருக்கற சுண்ணாம்புதான் அது. வெயில்ல தண்ணி ஆவியாப் போயிருது, சுண்ணாம்பு எங்க போகும்? அங்கயே ஒட்டிக்குது. எத்தன அடி போருங்க? எழுநூறா? அப்படின்னா கேக்கவே வேண்டாம்.

எடுத்தறலாமுங்க. ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு தண்ணி. தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தோணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தினா மூஞ்சில அடிச்சிரும். குளோரின் பவுடர் இருந்த பக்கெட்டுல மட்டும் தப்பித்தவறிக்கூட ஆசிட்ட ஊத்தீறாதீங்க, ஆள் காலி. மட்டத்த ரெண்டடி எறக்கிட்டு, நைலான் பிரஷ்ஷ வெச்சுத் தேச்சா சுர்ருனு நுரை பொங்கி வந்துரும். அப்புறம் தண்ணியோட காரத்த, பிஹெச்னு சொல்வாங்களே, அத ஏழு புள்ளி நாலு, ஏழு புள்ளி அஞ்சுல நிப்பாட்டி வெச்சீங்கன்னா அவ்வளவு சீக்கிரம் மறுபடி படியாது.

நானே வந்து செய்யறதாங்க? செய்யலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லோணும். வேலைக்குக் கூப்பிட வர்றவங்ககிட்ட இத மொதல்ல சொல்லிடறதுன்னு வெச்சிருக்கேன். கேட்டுட்டு, கூப்பிடறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். போன மாசம் ஒருத்தர் பாதி கேக்கறப்பவே எந்திரிச்சு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அவரையும் நான் தப்புச் சொல்லமாட்டேன்.

பெருந்துறை ரோட்ல ஒரு கிளப்புங்க. பேரு வேண்டாம். அங்க பதினாறு வருசம் நீச்சல் குளத்தப் பாத்துக்கிட்டவன் நான். வெள்ளியங்கிரின்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும். எட்டடி ஆழத்துல ஒரு ஹேர்பின் கெடந்தாலும் மேல நின்னு எடுத்துத் தர்றேன்னு சொல்வேன். எடுத்தும் தந்திருக்கேன், கம்பில காந்தத்தக் கட்டி. ஏன்னா எனக்கு நீச்சல் தெரியாதுங்க. சிரிச்சுக்கோங்க, பரவால்ல. தண்ணியப் பாக்கறதுதான் என் வேலை, எறங்கறது இல்ல. அப்படித்தான் நான் சொல்லிட்டிருந்தேன்.

பொம்பளைங்களுக்குக் காலைல பத்துல இருந்து பதினொண்ணு. அதுக்குக் கோச்சா ஒரு பொண்ணு இருந்தா, பெனிட்டான்னு. மார்த்தாண்டத்துப் பக்கம், இருபத்திமூணு வயசு. காலேஜுல நீந்தி மெடல் வாங்கினவ. நல்ல பொண்ணு. அவளப் பத்தி பெருசாச் சொல்ல ஒண்ணுமில்லீங்க. விஷயம் வசந்தாமணி டீச்சரப் பத்தி.

வசந்தாமணி டீச்சர் ரிடையர் ஆன கணக்கு டீச்சர். என் பொண்ணுக்கு ஏழாவதுல, எட்டாவதுல அவங்கதான் கணக்கு எடுத்தாங்க. முட்டில தேய்மானம், டாக்டர் தண்ணில நடக்கச் சொல்லியிருக்காரு. மொத நாள் வந்தப்ப படிக்கட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னாங்க. அப்ப நான்தான் சொன்னேன். டீச்சர், தரைல செவப்பு டைல்ஸ் ஒரு வரிசை போகுது பாருங்க, அது வரைக்கும் நாலடி. அதுக்கு அந்தப் பக்கம் தரை சரிஞ்சு எட்டடிக்குப் போயிரும். அந்தச் செவப்புக் கோட்டத் தாண்டாதீங்க, உங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னேன். அன்னைல இருந்து டீச்சர் அந்தக் கோட்டப் பாத்துப் பாத்துத்தான் நடப்பாங்க. மூணு மாசத்துல முட்டி வலி பாதி போச்சுன்னு எனக்கு வீட்ல இருந்து கம்பு அடை செஞ்சு கொண்டுவந்து குடுத்தாங்க.

அந்த வருசம் வெயில் பங்குனிலயே ஆரம்பிச்சிருச்சு. போர் தண்ணி கீழ எறங்க எறங்க உப்பும் கூடுது. சுத்தியும் வெள்ளையா ஏறுது. தண்ணி வர்ற ஓட்டையெல்லாம் கல்லு மாதிரி அடைச்சுக்குது. ஏணிப் படில கை வெச்சா அறுக்குது. சம்மர் கேம்ப் வருது, குளம் புதுசு மாதிரி இருக்கோணும்னு மேனேஜர் தெனமும் சொல்றாரு. தண்ணிய எறக்கித் தேய்க்க ரெண்டு நாள் லீவு கேட்டேன், தரல. நான் என்ன பண்ணேன், தண்ணி இருக்கறப்பவே தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஆசிட்ட உள்ள விட்டேன். புளிப்பு கூடினா உப்பு தானாக் கரையுமில்லீங்க. கரைஞ்சுது. டைல்ஸ் பளபளன்னு ஆச்சு. எனக்கு ஒரே பெருமை.

ஆனா சுவத்த விட்டுப் போன சுண்ணாம்பு எங்க போகும்? தண்ணிலதான இருக்கும். அத நான் யோசிக்கல. யோசிக்கலன்னா, தெரியும், ஆனா அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

ஒரு வாரத்துல எல்லாருக்கும் கண்ணெரிச்சல். டெஸ்ட் பண்ணிப் பாத்தா செவப்பு வரவேண்டிய எடத்துல மஞ்சளா வருது, காரம் ஆறரைக்கு எறங்கிருச்சு. அத ஏத்தறதுக்கு சோடா பவுடர் போடோணும், துணிக்குப் போடற சோடா மாதிரிதான். அதப் போடறதுக்கு ஒரு கணக்கு இருக்குங்க. ரெண்டு கிலோவத் தனியாக் கரைச்சு, சுத்தியும் ஊத்தி, மோட்டார ஓட விட்டு, மறுநாள் பாத்துட்டு மறுபடி ரெண்டு கிலோ. நான் அன்னைக்குக் காலைல ஆறு மணிக்குப் பன்னெண்டு கிலோவ ஒரே மூச்சுல கொட்டினேன். மேனேஜர் எட்டு மணிக்கு வர்றதுக்குள்ள அளவு சரியாயிருக்கோணும்னு.

அளவு சரியாத்தான் ஆச்சு. ஆனா சுண்ணாம்பு நெறஞ்ச தண்ணில அவ்வளவு சோடா விழுந்தா என்ன ஆகும்? கரைஞ்சிருந்த சுண்ணாம்பு மொத்தமும் ஒரே நேரத்துல திரிஞ்சு வெளிய வந்துரும். என் கண்ணு முன்னாடி அந்தக் குளம் பாலா மாறிச்சுங்க. ஒரு பக்கம் மேகம் மாதிரி கெளம்பி, பத்து நிமிசத்துல மறு கரை வரைக்கும் போயிருச்சு. கையத் தண்ணிக்குள்ள விட்டா முழங்கைக்குக் கீழ தெரியல.

அந்த மாதிரி ஆனா குளத்த மூடோணும். அடி தெரியலன்னா ஆள எறக்கக் கூடாது. அதுக்குன்னே மோட்டார் ரூம்ல போர்டு இருக்கு, "இன்று குளம் மூடப்பட்டுள்ளது"ன்னு. நான் மாட்டல. மாட்டினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா பன்னெண்டு கிலோன்னு சொல்லோணும். வடிகட்டி ஓடிட்டு இருக்கு, மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சிரும்னு என் மனசுல ஒரு கணக்கு. அதோட தண்ணி கெட்ட தண்ணி இல்லீங்க. அளவெல்லாம் அன்னைக்குத்தான் கரெக்டா இருந்துச்சு. குளோரின் சரி, காரம் சரி. பாக்கறதுக்குத்தான் கலங்கல். நான் அப்படித்தான் நெனச்சேன். மேனேஜரும் அன்னைக்கு ஆபீஸ்லயே இருந்துட்டாரு, குளத்துப் பக்கம் வரல.

பெனிட்டா வந்தவ கரைல நின்னு பாத்துட்டு, அடி தெரியலயேண்ணான்னு கேட்டா. டெஸ்ட் பண்ணியாச்சு, தண்ணி சுத்தம், எறக்கலாம்னேன். எம்மேல அவளுக்கு நம்பிக்கை. பதினாறு வருசத்து ஆளு சொல்றான். அன்னைக்குப் புதுசா ரெண்டு பொம்பளைங்க வேற வந்திருந்தாங்க, அவங்களச் சுவத்தப் பிடிக்க வெச்சுக் காலடிக்கச் சொல்லிக் குடுத்திட்டிருந்தா.

டீச்சர் கடைசியா வந்தாங்க. படில நின்னுக்கிட்டு எங்கிட்டக் கேட்டாங்க.

"வெள்ளியங்கிரி, தண்ணி பால் மாதிரி இருக்குதே. எறங்கலாமா?"

"எறங்குங்க டீச்சர். மருந்து போட்டிருக்கேன், வேற ஒண்ணுமில்ல."

இதாங்க நான் சொன்னது. ஒரு வார்த்த கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல. செவப்புக் கோடு தெரியாதுங்கறது அந்த நிமிசம் எனக்குத் தோணவே இல்ல. அந்தக் கோட்டச் சொல்லிக் குடுத்தவனே நான்.

நான் ஃபில்டரக் கழுவப் போனேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். பெனிட்டா, டீச்சர் எங்கன்னு கேக்கற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து பாத்தா தண்ணி அசையாம வெள்ளையா இருக்கு. ரெண்டு பொம்பளைங்க சுவத்தோரம். டீச்சரக் காணோம். அவங்க செருப்பு படிகிட்ட இருக்கு.

அந்தப் பொண்ணு அப்படியே குதிச்சா. உள்ள போறா, வெளிய வர்றா, மூச்ச இழுக்கறா, மறுபடி போறா. ஒண்ணும் தெரியலண்ணான்னு ஒரு தடவ சொன்னா. நான் கரைல நிக்கறேன். எனக்கு எறங்கத் தெரியாது. தரையக் கழுவற நீளக் கம்பி இருக்கும் பாருங்க, அத எடுத்து ஆழத்துப் பக்கம் விட்டுத் தரையத் தடவினேன். தரை எங்க எப்படிச் சரியுதுன்னு எனக்குத் தெரியும், உருண்டா எங்க போய் நிக்கும்னும் தெரியும். ரெண்டாவது தடவ விட்டப்ப கம்பி மெத்துனு ஒரு எடத்துல பட்டுச்சு.

அந்த மெத்துனது இன்னும் என் உள்ளங்கைல இருக்குங்க.

இங்க வா அம்மணின்னு கத்தினேன். பெனிட்டா அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டே கைக்குக் கை மாத்திக் கீழ போனா. தூக்கிட்டு வந்தா. கரைல படுக்க வெச்சு, நெஞ்ச அமுக்கி, வாயில ஊதி, மறுபடி அமுக்கி... நானும் ஆம்புலன்ஸுக்குப் ஃபோன் பண்ணிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. டீச்சர் வாயில இருந்து வெள்ளையாத் தண்ணி வந்துச்சு. அப்புறம் ஒரு இருமல்.

பொழச்சுக்கிட்டாங்க சார். அத மொதல்லயே சொல்லியிருக்கோணும். பதினோரு நாள் ஐசியூல இருந்தாங்க, நெஞ்சுல சளி கட்டி. ஆனா பொழச்சுக்கிட்டாங்க.

பெனிட்டாவும் மேனேஜரும் ஆம்புலன்ஸ் பின்னாடியே போனாங்க. அந்த ரெண்டு பொம்பளைங்களும் அழுதுட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க. குளத்தங்கரைல நான் மட்டும். என்ன பண்ணேன் தெரியுங்களா? மோட்டார் ரூமுக்குப் போனேன். போர்ட எடுத்தேன். கேட்ல மாட்டினேன். ரிஜிஸ்டர எடுத்து, காலைல ஆறு மணிக்கு நேரா, "தண்ணீர் கலங்கல், குளம் மூடப்பட்டது"ன்னு எழுதினேன். எழுத்து எப்பவும் போல அழகா விழுந்துச்சு. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

மூணு நாள் கழிச்சுக் கிளப் கமிட்டில கூப்பிட்டு விசாரிச்சாங்க. அந்த ரெண்டு பொம்பளைங்களக் கூப்பிட்டுக் கேக்கல, ரிஜிஸ்டரத்தான் பாத்தாங்க. மத்தியானம் போன செக்ரட்டரி கேட்ல போர்டு தொங்கினதத் தன் கண்ணால பாத்திருக்காரு. பெனிட்டாகிட்டக் கேட்டாங்க, போர்டு இருந்தும் ஏம்மா ஆளுங்கள எறக்கினேன்னு. அந்தப் பொண்ணு, போர்டா, நான் பாக்கலயேன்னா. பாக்கலன்னா கவனிக்கலன்னுதான அர்த்தம்னு சொன்னாங்க. நீங்க சொல்லித்தான எறக்கினேன்ங்கற மாதிரி அவ என்னைத் திரும்பிப் பாத்தா. நான் குனிஞ்சு தரையப் பாத்துட்டு நின்னேன். அன்னைக்கே அவள நிப்பாட்டிட்டாங்க. சின்னப் பொண்ணு, மெடல் வாங்கினவ, நாலு எடத்துல கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்.

எனக்குக் கவலையெல்லாம் டீச்சரப் பத்தித்தான். ராத்திரி படுத்தா அந்தக் கேள்விதான் கேக்கும், எறங்கலாமா, எறங்கலாமான்னு. சோறு எறங்கல. கோயிலுக்குப் போனா சாமிகிட்ட நின்னு பேச முடியல. வீட்டுக்காரி என்ன ஏதுன்னு கேட்டா, வயிறு சரியில்லன்னேன். டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லீறோணும்னு ஆறு மாசம் நெனச்சேன். அவங்க வீட்டுத் தெருவுல நாலு தடவ போயிட்டு, திரும்பி வந்திருக்கேன்.

ஐப்பசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை போயே போயிட்டேன். டீச்சர் எளச்சிருந்தாங்க, குரல் கம்மிப் போச்சு. ஆனா உக்கார வெச்சு, காப்பி குடுத்தாங்க. நான் காப்பியக் கீழ வெச்சுட்டு எல்லாத்தையும் சொன்னேன். பன்னெண்டு கிலோ, போர்டு, ரிஜிஸ்டர், எல்லாம். சொல்லிட்டு அழுதேன். உங்களக் கொல்லப் பாத்தவன் டீச்சர், என்ன தண்டனையோ குடுங்கன்னேன்.

டீச்சர் முழுசாக் கேட்டாங்க. நீ எறங்கச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குதுன்னாங்க. யாரும் எங்கிட்டக் கேக்கல, பையன் கேஸெல்லாம் வேண்டாம்னுட்டான், நானும் விட்டுட்டேன்னாங்க. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் கேட்டாங்க.

"என்னைத் தூக்கின அந்தப் புள்ள எங்க இருக்கா?"

எனக்குத் தெரியலீங்க.

"ஆஸ்பத்திரிக்கு மூணு நாள் வந்தா. அப்புறம் வரவே இல்ல. ஏன்னு பையனக் கேட்டேன், அவன் ஒண்ணும் சொல்லல. இப்பத்தான் புரியுது. அவ கவனிக்காம விட்டதாத்தான அவன் நெனச்சிருப்பான்? அந்தப் புள்ளைய என்ன சொல்லி அனுப்பினானோ." அப்புறம் என்னை நேராப் பாத்துச் சொன்னாங்க: "ஆறு மாசமா எனக்காக அழுதிருக்கற. நான் வீட்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டிருக்கேன்."

சார், சத்தியமாச் சொல்றேன், கமிட்டி அன்னைக்கு அப்புறம் அந்த நிமிசம் வரைக்கும் அந்தப் பொண்ணப் பத்தி நான் ஒரு நாள் கூட நெனைக்கல. ஒரு நாள் கூட. நெனச்சிருந்தாலும், நல்லா இருப்பான்னு நெனச்சு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருப்பேன்.

மறுநாள் மேனேஜர்கிட்டச் சொன்னேன். முடிஞ்சு போனத ஏன்யா கெளறறேன்னாரு. கமிட்டிக்கு எழுதிக் குடுத்தேன். அன்னைக்கே என்னை நிப்பாட்டிட்டாங்க, அது ஞாயந்தான். பெனிட்டாவத் திரும்பக் கூப்பிடுவீங்களான்னு கேட்டேன். பாக்கலாம்னாங்க. இன்னும் பாத்துட்டிருக்காங்க.

அவளத் தேடினேன். ரூம்ல கூட இருந்த பொண்ணு மூலமாத் தெரிஞ்சுது, ஊருக்குப் போகல, இங்கயே ஒரு பெரிய ஜவுளிக்கடைல சேலை எடுத்துப் போடற வேலைக்கு நிக்கறான்னு. ரெண்டு நீச்சல் குளத்துல கேட்டிருக்கா, கிளப்ல விசாரிச்சுட்டு வேண்டாம்னுட்டாங்களாம். நீந்தற பொண்ணு சார். காலைல பத்துல இருந்து பொழுது சாயற வரைக்கும் நின்ன எடத்துல நின்னுட்டிருக்கா.

போனேன். ரெண்டாவது மாடி. என்னைப் பாத்ததும், வாங்கண்ணா, அக்காவுக்குச் சேலைங்களான்னு கேட்டா. கோவமே இல்ல மொகத்துல. நல்லா இருக்கீங்களா, டீச்சர் எப்படி இருக்காங்கன்னு கேட்டா. டீச்சர் நல்லா இருக்காங்கன்னேன். நானும் என்னமோ சேலை பாக்கற மாதிரி நின்னேன். அவ ஒண்ணொண்ணா விரிச்சுப் போட்டுக்கிட்டே, மெதுவாப் பேசினா. தண்ணியப் பாத்தாலே இப்பப் பயமா இருக்குங்கண்ணா, பஸ் ஆத்துப் பாலத்துல போனாக் கூடக் கண்ண மூடிக்கறேன்னா. அன்னைக்குக் கேட்டுக்குள்ள வந்தத தெனம் நெனச்சுப் பாக்கறேன்னா. மொத மொத, போர்டு இல்லன்னுதான் அவளுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சாம். எல்லாரும் இருந்துச்சுன்னு சொல்லச் சொல்ல, இப்ப நெனச்சா அந்தப் போர்டு அங்க தொங்கற மாதிரியே அவளுக்குத் தெரியுதாம்.

"நான்தான் பாக்காமப் போயிட்டேன் போல இருக்குங்கண்ணா. பாத்திருந்தா டீச்சருக்கு அப்படி ஆயிருக்காதில்ல."

நான் போர்டக் கேட்ல மட்டும் மாட்டல சார். அந்தப் பொண்ணு கண்ணுக்குள்ளயே போய் மாட்டிட்டு வந்திருக்கேன்.

"போர்டு இல்ல அம்மணி," ன்னேன். "நீங்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் நான்தான் மாட்டினேன்."

அவ கைல இருந்த சேலையக் கீழ வெச்சா. பக்கத்துல ஒரு குடும்பமே உக்காந்து கல்யாணத்துக்குப் பட்டு பாத்துட்டிருக்கு. திட்டுவான்னு நெனச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் போயிருந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா," ன்னா.

சொன்னேன். போர்டு இல்ல அம்மணி, நீ சரியாத்தான் பாத்தே, எங்கிட்டக் கேக்கவும் செஞ்சே, நான்தான் எறக்கச் சொன்னேன்னேன். அவ கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா. ஒதடு மட்டும் அசைஞ்சுது, நான் சொன்னத அவளும் தனக்குத்தானே சொல்லிப் பாக்கற மாதிரி.

மூணாவது தடவ அவ கேக்கல. நானாத்தான் சொன்னேன். அதுக்குள்ள அவள அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. கண்ணத் தொடச்சுட்டுப் போயிட்டா. அவ விரிச்சுப் போட்ட சேலைங்க எல்லாம் மேஜை மேல கெடந்துச்சு. மடிக்கத் தெரியாம நான் ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டிருந்தேன்.